கெயின் ஆடுகிறதா? ரெசிஸ்டரை விடுங்கள், கிளாக்கைப் பாருங்கள்

சுவிட்ச்டு கெப்பாசிட்டர் ஃபில்டர் கட்டுபவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு. மேஜையில் வைத்துப் பார்த்தபோது கெயின் (இன்புட்டைப்போல அவுட்புட் எத்தனை மடங்கு என்பது) சரியாக இருந்தது, பெட்டிக்குள் போட்டதும் ஒரு டெசிபெல் இறங்கிவிட்டது. ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் ஒரு அளவு, டர்பன் பிப்ரவரி புழுக்கத்தில் வேறு அளவு. உடனே கை ரெசிஸ்டரை மாற்றத்தான் போகிறது. எம்எஃப்10, எல்எம்எஃப்100, எல்டிசி1060 போன்ற சிப்களில் கெயினைத் தீர்மானிப்பது இரண்டு ரெசிஸ்டர்களின் விகிதம். 1% மெட்டல் ஃபிலிம் போட்டிருந்தால் அது அத்தனை சுலபத்தில் நகராது. நகர்வது பெரும்பாலும் கிளாக், அதாவது ஃபில்டருக்குள் சுவிட்ச்களைத் திறந்து மூடவைக்கும் துடிப்பு. கிளாக்கில் நான்கு விஷயம் கெயினைத் தொடும்: அதிர்வெண், டியூட்டி (ஒரு சுற்றில் துடிப்பு உயர்ந்து நிற்கும் பங்கு), விளிம்பு, மின்னழுத்த மட்டம். ஒவ்வொன்றும் விட்டுப்போகும் தடயம் வேறு. தடயத்தைப் படிக்கத் தெரிந்தால் சாலிடரிங் அயனைச் சூடாக்கும் வேலை பாதி மிச்சம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கெப்பாசிட்டரை இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவே வைத்து மாற்றி மாற்றித் திறந்து மூடினால் அது ரெசிஸ்டர்போல நடந்துகொள்ளும். மதிப்பு, ஒன்றின் கீழ் அதிர்வெண் பெருக்கல் கெப்பாசிட்டன்ஸ். 1 பிகோஃபாரட், 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 10 மெகா ஓம். மாக்ஸ்வெல் 1873-லேயே எழுதிவைத்த சங்கதிதான். மாஸ் (MOS) சிப்புக்குள் முழு ஃபில்டராக வர 1970-களாயிற்று. சிப்பில் ஒரு கெப்பாசிட்டரின் மதிப்பு 10, 20 சதவீதம்கூடத் தவறலாம், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டின் விகிதம் 0.1% அளவுக்குச் சரியாக வரும். இந்தத் தொழில்நுட்பமே அந்த விகிதத்தின்மேல்தான் நிற்கிறது.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. தனிப் பாகங்களால் கட்டும்போது இன்புட்டுக்கு சுவிட்ச்டு கெப்பாசிட்டரும் ஃபீட்பேக்குக்குச் சாதாரண ரெசிஸ்டரும் போட்டுவிட்டால் விகிதம் உடைந்தது. அப்போது கெயின் கிளாக் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில் ஏறி இறங்கும். கிளாக் 2% நகர்ந்தால் கெயினும் 2%. இரண்டு பக்கமும் சுவிட்ச் ஆகிற கெப்பாசிட்டராக இருந்தால் கணக்கில் கிளாக் அடிபட்டுப்போகும். சிலர் வேண்டுமென்றே இந்தக் கலப்பை வைத்து, கிளாக்கைத் திருகி கெயினை மாற்றுகிறார்கள். அது தெரிந்து செய்வது. தெரியாமல் செய்துவிட்டு ஆப்-ஆம்பை (சிக்னலைப் பெருக்கும் சிப்பை) திட்டுவது வேறு.

அதிர்வெண் நகர்ந்தால் என்ன ஆகும்? எம்எஃப்10-இல் மைய அதிர்வெண் என்பது கிளாக்கை 50-ஆலோ 100-ஆலோ வகுத்தது. கிளாக் 1% நகர்ந்தால் மையமும் 1% நகரும். தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் விடும் லோபாஸுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. மையத்தைச் சுற்றியுள்ள ஒரு பட்டையை மட்டும் விடும் குறுகிய பேண்ட்பாஸில்தான் அடி விழும். கணக்கு எளிது: க்யூவை (ஃபில்டர் எவ்வளவு குறுகல் என்பதைக் காட்டும் எண்) இரண்டால் பெருக்கி, நகர்ந்த பின்னத்தாலும் பெருக்குங்கள். வரும் எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கெயின் எத்தனை மடங்கு குறைந்தது என்று தெரியும். க்யூ 20, நகர்வு 1% என்றால் 0.4, இழப்பு 0.64 டெசிபெல். நகர்வு 2.5% ஆனால் 3 டெசிபெல் போய்விடும். க்யூ 50 என்றால் 1% நகர்வே 3 டெசிபெல்லுக்குப் போதும். நம் தென்னாப்பிரிக்க மாநகராட்சிகள் கீசரை அணைக்க மெயின்ஸ் வயரிலேயே அனுப்பும் ரிப்பிள் கண்ட்ரோல் டோனைப் பிடிக்க வேண்டுமானால் இப்படிக் குறுகலான ஃபில்டர்தான் வேண்டியிருக்கிறது. அங்கே கெயின் குறைவது என்றால் ரிலே இழுக்காது என்று அர்த்தம்.

ஆகவே கிளாக் எங்கிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. 555 டைமர் போட்டவர்கள் கணக்கைப் பாருங்கள். என்இ555 அஸ்டேபிளில் சிப்பின் பங்கு டிகிரிக்கு 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு) போல. 30 டிகிரி மாறினால் 0.45%. அது சிறு பங்குதான். டைமிங் கெப்பாசிட்டர் எக்ஸ்7ஆர் செராமிக் என்றால் அதன் வெப்பநிலை வரம்பு முழுவதிலும் 15% வரை விலகலாம், டிசி அழுத்தத்துக்கும் மதிப்பு மாறும். ஒய்5வி பக்கமே போகாதீர்கள். சி0ஜி போட்டால் டிகிரிக்கு 30 பிபிஎம், அதாவது 30 டிகிரிக்கு 0.09%. கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றியதிலேயே பாதிப் புகார் தீரும். 555-இன் டியூட்டி 50% இல்லை என்பது இன்னொரு தொல்லை. இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் ஓட்டி, சிடி4013-ஆல் இரண்டாக வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டுயினோ ஊனோவிலிருந்து கிளாக் எடுப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தப் பலகையில் ஏடிமெகா328-க்கு இருப்பது கிரிஸ்டல் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் தவறினால் க்யூ 50-இல் கிட்டத்தட்ட ஒரு டெசிபெல் போகும். அடுத்தது படி. 16 மெகாஹெர்ட்ஸில் டைமர்1-ஐ டாகிள் முறையில் வைத்து ஓசிஆர் பதிவேட்டில் 79 எழுதினால் சரியாக 100 கிலோஹெர்ட்ஸ். 80 எழுதினால் 98.765 கிலோஹெர்ட்ஸ். ஒரு படிக்கு 1.2% தாவல்! இதை வைத்து க்யூ 20 ஃபில்டரை நுணுக்கமாகத் திருக முடியாது.

நிலையான அதிர்வெண் போதும் என்றால் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டர் ஒன்றும் 74எச்சி390 ஒன்றும் போதும், வேறு எதுவும் வேண்டாம். அதற்குள் இரண்டு தசம கவுண்டர். ஒவ்வொன்றிலும் ஐந்தால் வகுக்கும் பகுதியும் இரண்டால் வகுக்கும் பகுதியும் தனித்தனியாக வெளியே வரும். முதலில் ஐந்து, பிறகு இரண்டு என்ற வரிசையில் இணையுங்கள். கடைசிக் கட்டம் இரண்டால் வகுப்பதாக இருந்தால் டியூட்டி தானாகவே 50% ஆகிவிடும். திருக வேண்டும் என்றால் எஸ்ஐ5351 நல்லது. ஏடி9833 மலிவு, 25 மெகாஹெர்ட்ஸில் 0.1 ஹெர்ட்ஸுக்கும் குறைவான படி தரும். ஆனால் அதன் சதுர அலை வெளியீட்டின் விளிம்பு 40 நானோசெகண்ட் முன்னும் பின்னும் தாவும். 100 கிலோஹெர்ட்ஸில் அது காலச்சுற்றின் 0.4%, அது நேராக நாய்ஸாகத் தெரியும். சைன் வெளியீட்டை எடுத்து, வடிகட்டி, கம்பேரட்டர் வழியே சதுரமாக்குங்கள்.

கிரிஸ்டல் போட்ட பிறகும் கொஞ்சம் பிழை மிச்சம் இருக்கும். எம்எஃப்10-இன் கிளாக்-மைய விகிதத்துக்கே நல்ல தரத்தில் 0.6% வரை விலகல் அனுமதி உண்டு. க்யூ 20-இல் அது 0.24 டெசிபெல். ஒவ்வொரு சிப்புக்கும் கிளாக்கைத் தனித்தனியாகச் சரிசெய்தால் அதுவும் போகும். இங்கேதான் நிறையப் பேர் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள்: வீச்சைப் பார்த்துத் திருகுகிறார்கள். உச்சியில் வளைவு தட்டை, அங்கே வீச்சு எதையும் சொல்லாது. எந்தப் பக்கம் விலகியிருக்கிறோம் என்பதும் தெரியாது. ஃபேஸைப் பாருங்கள், அதாவது இன்புட் அலையிலிருந்து அவுட்புட் அலை எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது என்பதை. இரண்டாம் படி பேண்ட்பாஸில் கெயின் என்பது ஃபேஸ் விலகலின் கோசைன். 10 டிகிரி விலகினால் 0.985, அதாவது 0.13 டெசிபெல் மட்டுமே. ஃபேஸை ஓரிரண்டு டிகிரிக்குள் வைத்துவிட்டால் கெயின் எங்கேயும் போகாது.

செய்முறை இதுதான். ஸ்கோப்பை எக்ஸ்-ஒய் நிலையில் வையுங்கள். எக்ஸில் இன்புட், ஒய்யில் பேண்ட்பாஸ் அவுட்புட். மையத்தில் ஃபேஸ் 180 டிகிரி, ஆகவே இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு நேர்கோடு வர வேண்டும். கிளாக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கோடு பிளந்து நீள்வட்டமாகும். கிளாக்கைப் பத்து ஹெர்ட்ஸ் பத்து ஹெர்ட்ஸாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். அந்தக் கண் மூடி ஒற்றைக் கோடாகும் இடம்தான் அந்தச் சிப்பின் சரியான கிளாக். கோட்டில் பொடிப் படிக்கட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது சாம்பிளிங்கின் முத்திரை.

அதிர்வெண்ணைச் சரிசெய்தும் கெயின் ஒத்துவரவில்லையா? அப்போது இந்தச் சோதனை. சிக்னலையும் கிளாக்கையும் சேர்த்தே நகர்த்துங்கள், விகிதம் எப்போதும் 1-க்கு 100 இருக்கட்டும். கிளாக் 10 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1 மெகாஹெர்ட்ஸ் வரை. கெயின் கோடு முழுக்கத் தட்டையாக இருந்தால் உங்கள் சிக்கல் வெறும் அதிர்வெண் நகர்வு. மேல் கோடியில் மட்டும் விலகினால் செட்டிலிங், அதாவது அரைச்சுற்றுக்குள் மின்னழுத்தம் முழுதாக நிலைக்கு வராதது. கீழ்க் கோடியில் ஆஃப்செட் ஊர்ந்தால் லீக்கேஜ், அதாவது சார்ஜ் கசிவு.

செட்டிலிங்கை எண்ணில் பார்ப்போம். உள்ளே இருக்கும் ஆப்-ஆம்பின் காலமாறிலி 125 நானோசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 கிலோஹெர்ட்ஸில் அரைச்சுற்று 1000 நானோசெகண்ட், எட்டு மாறிலி. மிச்சப் பிழை 0.03%. 1 மெகாஹெர்ட்ஸில் நான்கு மாறிலிதான் கிடைக்கும், பிழை 1.8%. அதே 1 மெகாஹெர்ட்ஸில் டியூட்டி 40% ஆகிவிட்டால் குறுகிய பக்கத்துக்கு 400 நானோசெகண்ட், பிழை 4%-ஐத் தாண்டும். எம்எஃப்10 தரவுத்தாள் 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் டியூட்டியை 50%-க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான். க்யூவும் அங்கே தன் இஷ்டத்துக்கு ஏறும். இன்புட்டைப் பாதியாக்கிப் பாருங்கள்: டெசிபெல்லில் கெயின் மாறினால் அது செட்டிலிங் அல்ல, ஸ்லூ ரேட் (ஆப்-ஆம்பின் வெளியீடு ஏறக்கூடிய உச்ச வேகம்), கிளாக்கைத் திருகிப் பயனில்லை, சிக்னலைக் குறைக்க வேண்டும்.

கீழ்க் கோடியில் நம் கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு தொந்தரவு. சில நூறு ஹெர்ட்ஸ் கிளாக்கில் கெப்பாசிட்டர் சார்ஜை நெடுநேரம் பிடித்துவைத்திருக்க வேண்டும். சிலிக்கான் லீக்கேஜ் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். தனிப் பாகச் சர்க்யூட் என்றால் ஃப்ளக்ஸ் மிச்சமும் டர்பன் ஈரப்பதமும் சேர்ந்து பலகையின் மேலேயே ஒரு ரெசிஸ்டரை வரைந்துவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவி, உலர்த்தி, கன்ஃபார்மல் கோட்டிங் அடியுங்கள். முடிந்தால் கிளாக்கையே உயர்த்துங்கள்: 50 விகிதத்திலிருந்து 100-க்குப் போனால் அதே மையத்துக்கு இரண்டு மடங்கு கிளாக்.

மட்டமும் விளிம்பும். எம்எஃப்10-ஐ ±5 வோல்ட்டில் ஓட்டி, 0–5 வோல்ட் கிளாக் கொடுத்தால் 9-ஆம் பின்னான லெவல் ஷிஃப்ட்டைச் சிஸ்டம் கிரவுண்டில் கட்டுங்கள். 10 வோல்ட் ஒற்றைச் சப்ளையில் 0–10 சிமாஸ் கிளாக் என்றால் அதே பின் 5 வோல்ட்டில் இருக்க வேண்டும். இது தவறினால் சிப் கிளாக்கின் சில துடிப்புகளைத் தவறவிடும், கெயின் காரணமே தெரியாமல் துள்ளும். 12-ஆம் பின் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது. அதை மிதக்க விடக்கூடாது. பாசிட்டிவில் 50, நடுவில் 100. எம்எஃப்10-இல் அது நெகட்டிவுக்குப் போனால் ஃபில்டரே நின்றுவிடும், எல்எம்எஃப்100-இல் 100-ஆகவே இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செருகுபவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். கிளாக் வயரில், புறப்படும் இடத்திலேயே 100 ஓம் தொடராகப் போடுங்கள், ரிங்கிங் அடங்கும். அந்த வயரை 4, 17 பின்களின் பக்கத்தில் ஓட்டாதீர்கள், அவைதான் சம்மிங் முனைகள்.

தனிப் பாகங்களில் கட்டுபவர்களுக்கு, இரண்டு சுவிட்ச்களையும் ஓட்டும் இரண்டு கிளாக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பதே உயிர். எவ்வளவு ஏறினால் கெடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். 1 நானோஃபாரட், 100 கிலோஹெர்ட்ஸ், இணை மதிப்பு 10 கிலோ ஓம். சுவிட்ச் ஒவ்வொன்றும் 100 ஓம். ஒவ்வொரு சுற்றிலும் வெறும் 20 நானோசெகண்ட் இரண்டு சுவிட்ச்சும் சேர்ந்து மூடியிருந்தால் 10 மைக்ரோசெகண்டில் 20 நானோசெகண்ட் 200 ஓம் இணைப்பு. சராசரியாக 100 கிலோ ஓம் பக்கவாட்டில் ஒட்டியதற்குச் சமம். கெயினில் 10% பிழை! 74எச்சி02-இன் இரண்டு நார் கேட்களைக் குறுக்காக இணைத்து, ஒவ்வொரு ஃபீட்பேக் வழியிலும் 1 கிலோ ஓம், 47 பிகோஃபாரட் தாமதம் வைத்தால் 40 நானோசெகண்ட் போல இடைவெளி கிடைக்கும். 100 கிலோஹெர்ட்ஸில் அது செலவே இல்லை. 1 மெகாஹெர்ட்ஸில் அரைச்சுற்றின் 8%-ஐத் தின்றுவிடும், அங்கே தாமதத்தைச் சுருக்குங்கள். முடிந்தால் ஆப்-ஆம்பின் வர்ச்சுவல் கிரவுண்ட் பக்கத்து சுவிட்ச் சில நானோசெகண்ட் முன்னதாகத் திறக்கட்டும். அப்போது இன்புட் பக்க சுவிட்ச் உமிழும் சார்ஜுக்குப் போக வழியில்லை. மிஞ்சுவது சிக்னலைச் சாராத ஒரு நிலையான ஆஃப்செட் மட்டும். வரிசை மாறினால் சார்ஜ் சிக்னலோடு மாறும், அது கெயின் பிழை. 10 பிகோகூலம் 1 நானோஃபாரட்டில் விழுந்தால் 10 மில்லிவோல்ட் என்பதை நினைவில் வையுங்கள். இதெல்லாம் தலைவலி என்றால் எல்டிசி1043 வாங்குங்கள், மோதாத கிளாக் உள்ளேயே இருக்கிறது.

சிக்னலே நகர்ந்துகொண்டிருந்தால்? கிரிஸ்டல் உதவாது, கிளாக் சிக்னலைத் துரத்த வேண்டும். மேலே சொன்ன ஃபேஸ் விதியையே லூப்பாக மாற்றிவிடலாம். எம்எஃப்10 மோடு 1, ஆர்1-உம் ஆர்3-உம் 200 கிலோ ஓம், ஆர்2 10 கிலோ ஓம். க்யூ 20, பேண்ட்பாஸ் கெயின் 1. மையத்தில் லோபாஸ் அவுட்புட்டும் 1 ஆகவே இருக்கும், கிளிப் ஆகாது. லோபாஸ் வெளியீடு மையத்தில் இன்புட்டோடு 90 டிகிரி தள்ளி நிற்கும். எக்ஸ்ஓஆர் ஃபேஸ் டிடெக்டர் நடு வோல்ட்டைக் காட்டுவதும் 90 டிகிரியில்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று செய்துவைத்ததுபோலப் பொருந்துகிறது. இன்புட்டையும் லோபாஸையும் 1 மைக்ரோஃபாரட், 100 கிலோ ஓம் வழியாக எல்எம்311 இரண்டுக்குக் கொடுங்கள். எம்எஃப்10-இன் டிசி ஆஃப்செட் கம்பேரட்டருக்குப் போகக்கூடாது. இரண்டு வெளியீடும் 74எச்சி4046-இன் முதல் ஃபேஸ் கம்பேரட்டருக்கு. அதன் வெளியீடு 2.5 வோல்ட்டை மேற்கோளாகக் கொண்ட ஓர் ஆப்-ஆம்ப் இன்டக்ரேட்டர் வழியாக அதே சிப்பின் விசிஓவுக்கு (மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதிர்வெண் மாறும் ஆசிலேட்டர்), விசிஓ நேராக எம்எஃப்10-இன் கிளாக்குக்கு. விசிஓவை 80-இலிருந்து 120 கிலோஹெர்ட்ஸுக்குள் கட்டிப்போடுங்கள், இல்லையென்றால் ஹார்மோனிக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்டக்ரேட்டர் ஏன், சாதாரண ஆர்சி போதாதா? போதாது. இங்கே ஃபேஸ் என்பது கிளாக்கின் நேரடி விளைவு, சாதாரண பிஎல்எல்போல (ஃபேஸைப் பூட்டிவைக்கும் லூப்) அதிர்வெண் தானாகத் திரண்டு ஃபேஸ் ஆவதில்லை. விசிஓ வோல்ட்டுக்கு 8 கிலோஹெர்ட்ஸ் என்றால் மையம் 80 ஹெர்ட்ஸ் நகரும். 1 கிலோஹெர்ட்ஸ், க்யூ 20-இல் ஹெர்ட்ஸுக்கு 0.04 ரேடியன், டிடெக்டர் ரேடியனுக்கு 1.6 வோல்ட். பெருக்கினால் லூப் கெயின் 5 சொச்சம்தான். 22 டிகிரி பிழை நாலு டிகிரியாகக் குறையும், பூஜ்யம் ஆகாது. இன்டக்ரேட்டர் பூஜ்யமாக்கும். 330 கிலோ ஓம், 470 நானோஃபாரட் போட்டால் லூப் அகலம் 5 ஹெர்ட்ஸ் சுமார். ஃபில்டரின் அரை அகலமான 25 ஹெர்ட்ஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு, ஆடாது. டிடெக்டரிலிருந்து வரும் 2 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிள் விசிஓவில் 4 மில்லிவோல்ட்தான், கிளாக்கில் 0.03%. லூப்பை வேகப்படுத்த ஆசைப்பட்டு கெப்பாசிட்டரைக் குறைப்பவர்கள் இந்த ரிப்பிளை மறந்துவிடுகிறார்கள். சிக்னலின் இரு பக்கமும் பொய்க் கோடுகள் முளைக்கும்.

இன்டக்ரேட்டர் ஒரு பக்கம் போய் முட்டி நின்றால் துருவம் தலைகீழ். ஒரு கம்பேரட்டரின் இரண்டு இன்புட்டையும் மாற்றிவிடுங்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் கம்பேரட்டர் நாய்ஸைத் துரத்தும். பேண்ட்பாஸ் வீச்சு குறைந்தால் இன்டக்ரேட்டரின் இன்புட்டை ஒரு 4066 சுவிட்ச்சால் துண்டித்துவிடுங்கள், கிளாக் கடைசி இடத்திலேயே நிற்கும்.

50 ஹெர்ட்ஸை மட்டும் அழுத்தும் நாட்ச் ஃபில்டருக்கும் இதே எண்ணம்தான், இன்னும் எளிது. லோட் ஷெடிங் நேரத்தில் ஜெனரேட்டர் 49 ஹெர்ட்ஸில் ஓடினால், 50-இல் நிலையாக வைத்த க்யூ 10 நாட்ச் 8.5 டெசிபெல் மட்டுமே அழுத்தும். சிறு டிரான்ஸ்ஃபார்மரின் 9 வோல்ட்டை 47 கிலோ ஓம், 100 நானோஃபாரட், கிளாம்ப் டயோடுகள், 74எச்சி14 வழியாகச் சதுரமாக்கி, 4046-இன் இரண்டாவது ஃபேஸ் கம்பேரட்டருக்குக் கொடுத்து, சிடி4518-ஆல் நூறாக வகுத்தால் 5 கிலோஹெர்ட்ஸ் கிளாக் மெயின்ஸோடு கூடவே போகும். ஆர்சி தரும் ஃபேஸ் தாமதம் பொருட்டில்லை, அதிர்வெண்தான் வேண்டும். மின்சாரம் போன இடைவெளியில் இந்த கம்பேரட்டர் விசிஓவை அடிமட்டத்துக்குத் தள்ளும், அடிமட்டம் 4.5 கிலோஹெர்ட்ஸாக இருக்கும்படி ஆஃப்செட் ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். காவடித் திருவிழா ஸ்பீக்கரில் ஹம் வருகிறது என்று மட்டும் இதைப் போடாதீர்கள். அது கிரவுண்ட் லூப், வயரில் தீர்க்க வேண்டியது. 5 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் ஆகும் சர்க்யூட் பாட்டுக்கு ஆகாது. அதிர்வு அளக்க, உடல் சிக்னல் அளக்க, அதற்குத்தான் இது.

இன்வெர்டரில் ஓடும்போது கெயின் மெதுவாக ஏறி இறங்கினால் கிளாக்கைக் குறை சொல்வதற்கு முன் மடிப்பைப் பாருங்கள், அதாவது சாம்பிளிங்கால் உயர் அதிர்வெண் நாய்ஸ் தாழ்ந்த அதிர்வெண்ணாக வேடமிட்டு வருவதை. 20 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகும் இன்வெர்டரின் நாய்ஸ் 5 கிலோஹெர்ட்ஸின் நான்கு மடங்கு. அப்படியே மடிந்து உங்கள் சிக்னலுக்குப் பக்கத்தில் வந்து விழும். கிளாக் 0.1% விலகியிருந்தால் 20 ஹெர்ட்ஸ் தள்ளி விழும், அந்த பீட்தான் கெயின் ஆடுவதுபோலத் தெரிவது. இன்புட்டில் 22 கிலோ ஓம் இரண்டு, ஃபீட்பேக்கில் 22 நானோஃபாரட், கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட் கொண்ட சாலன்-கீ லோபாஸ் ஒன்று வையுங்கள். வெட்டு 490 ஹெர்ட்ஸ்; கணக்குப்படி 20 கிலோஹெர்ட்ஸில் 64 டெசிபெல் அடங்கும். அதற்கு முன்னால் ஒரு சாதாரண ஆர்சியும் இருக்கட்டும், ஏனென்றால் மிக உயர் அதிர்வெண்ணில் சாலன்-கீயின் ஃபீட்பேக் கெப்பாசிட்டரே நாய்ஸுக்கு வழிவிடும்.